கோட்டுக்கு உள்ளே விழுந்த பந்து ஏன் ஃபவுல்?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமைக் காலை, டர்பனுக்குத் தென்மேற்கே சாட்ஸ்வொர்த்தில் உள்ள ஒரு திடலில், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளின் பேஸ்பால் ஆட்டத்துக்கு நான் அம்பயராக நின்றேன். ஒரு சிறுவன் அடித்த பந்து, ஓடுபவர்கள் வரிசையாகத் தொட்டுச் செல்ல வேண்டிய தளங்களில் ஒன்றான மூன்றாம் பேஸுக்குப் பத்தடி முன்னால், சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே குத்தி எழுந்தது. எழுந்த வேகத்தில் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, மூன்றாம் பேஸின் வெளிவிளிம்பைத் தாண்டி, யார் கையிலும் படாமல் வேலியோரப் புல்லுக்குப் போய்ச் சேர்ந்தது. நான் இரண்டு கைகளையும் உயர்த்தி "ஃபவுல்" என்று குரல் கொடுத்தேன். முதல் பேஸை நெருங்கிவிட்ட பையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான்.

இன்னிங்ஸ் முடிந்து தண்ணீர் குடிக்கப் போனபோது அவனுடைய தகப்பனார் என்னிடம் வந்தார். மதுரைக்காரர், வேலைக்காகக் குடும்பத்தோடு டர்பனுக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன, கல்லூரி நாட்களில் கிரிக்கெட் ஆடியவர்.

"அண்ணே, பந்து உள்ளதானே விழுந்துச்சு? நான் கண்ணால பார்த்தேன். அப்புறம் எப்படி ஃபவுல்?"

"உள்ளேதான் விழுந்தது, தம்பி. நானும் பார்த்தேன். ஆனாலும் அது ஃபவுல்தான்."

அடுத்த இன்னிங்ஸ் தொடங்கவிருந்ததால் அன்றைக்கு அதற்கு மேல் விளக்க நேரமில்லை. ஆனால் அவர் கேட்டது பேஸ்பாலைப் புதிதாகப் பார்க்கும் ஏறக்குறைய எல்லோருக்கும் எழும் கேள்வி; நடுவர் பணியின் அடிப்படையும் அதற்குள்தான் இருக்கிறது. பந்து முதலில் எங்கே விழுந்தது என்பதை வைத்து மட்டும் ஃபேரா (செல்லும் அடியா) ஃபவுலா (செல்லாத அடியா) என்று முடிவு செய்ய முடியாது. விதி குறிப்பிடும் ஒரு கணம் உண்டு. அந்தக் கணத்தில் பந்து எங்கே இருந்தது என்பதைத்தான் அம்பயர் பார்க்கிறார். அந்தக் கணம் எது என்பது அடிக்கு அடி மாறுகிறது. குழப்பம் முழுவதும் இந்த மாற்றத்திலிருந்தே வருகிறது.

தென்னாப்பிரிக்காவில் பேஸ்பால் புதிய ஆட்டம் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜோகனஸ்பர்க் தங்கச் சுரங்கங்களுக்கு வேலைக்கு வந்த அமெரிக்கர்கள் அதை இங்கே கொண்டுவந்தார்கள். 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் நம் நாட்டு அணி ஆடியது. 2017 ஏப்ரலில் கிஃப்ட் ங்கோப்பே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்காகக் களமிறங்கி, அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீகில் ஆடிய முதல் ஆப்பிரிக்க மண்ணின் மைந்தர் ஆனார். இருந்தாலும் நம் வீடுகளில் கிரிக்கெட்டும் கால்பந்தும்தான் பேச்சு. அதனால் கிரிக்கெட் கண்ணோடுதான் பெற்றோர் பேஸ்பாலைப் பார்க்கிறார்கள். கிரிக்கெட்டில் மட்டையாளர் பந்தை எந்தத் திசையில் அடித்தாலும் செல்லும். விக்கெட் கீப்பருக்குப் பின்னால் தட்டிவிட்டுக்கூட நான்கு ஓட்டம் எடுக்கலாம். பேஸ்பால் அந்த முழு வட்டத்தில் கால் பங்கை மட்டும் மட்டையாளருக்குத் தருகிறது.

அந்தக் கால் வட்டத்தின் முனையில், மட்டையாளர் நின்று அடிக்கும் இடத்தில், ஹோம் பிளேட் என்ற தட்டு இருக்கிறது. அதன் கூர்முனையிலிருந்து இரண்டு கோடுகள் செங்கோணத்தில் பிரிந்து, ஒன்று முதல் பேஸின் ஓரமாகவும் மற்றொன்று மூன்றாம் பேஸின் ஓரமாகவும் வேலி வரை ஓடுகின்றன. பெரியவர்கள் ஆடும் திடலில் ஹோம் பிளேட்டிலிருந்து பேஸுக்கு 90 அடி, அதாவது 27.43 மீட்டர், பிள்ளைகளுக்கு இதைவிடக் குறைவு. கோடுகள் வேலியைத் தொடும் இடங்களில் இரண்டு உயரமான கம்பங்கள் நிற்கும். கோடுகளுக்கு இடைப்பட்ட நிலம் ஃபேர், வெளியே உள்ளது ஃபவுல். இதுவரை யாருக்கும் சிரமம் இல்லை.

கோடு யாருக்குச் சொந்தம் என்பதில்தான் முதல் சிக்கல் தொடங்குகிறது. கிரிக்கெட்டில் ரன் அவுட் பார்க்கும்போது மட்டை கிரீஸ் கோட்டின்மேல் மட்டும் இருந்தால் போதாது, அதைத் தாண்டி உள்ளே இருக்க வேண்டும். அங்கே கோடு ஃபீல்டிங் அணிக்குச் சொந்தம். டென்னிஸில் கோட்டைத் தொட்ட பந்து உள்ளே. கால்பந்தில் முழுப் பந்தும் முழுக் கோட்டைத் தாண்டினால்தான் வெளியே. பேஸ்பாலில் கோடு ஃபேர் நிலத்தின் பகுதி. பந்தின் ஓரம் சுண்ணாம்பைத் தொட்டால்கூட அது ஃபேர். வேலியில் நிற்கும் கம்பமும் அப்படியே. பறந்து போய்க் கம்பத்தில் மோதிய பந்து ஹோம் ரன், அதாவது மட்டையாளர் எல்லா பேஸ்களையும் சுற்றி வந்து ஓட்டம் எடுக்கும் அடி. ஆங்கிலத்தில் அதற்கு ஃபவுல் கம்பம் என்று பெயர் நிலைத்துவிட்டது பெரிய துரதிர்ஷ்டம். ஃபேர் என்பதைக் காட்டும் கம்பத்துக்கு ஃபவுல் என்று பெயர் வைத்தால் பிள்ளைகள் குழம்பத்தான் செய்வார்கள். நான் அதை எல்லைக் கம்பம் என்றே சொல்லிக்கொடுக்கிறேன்.

முதல் பேஸும் மூன்றாம் பேஸும் முழுவதுமாக ஃபேர் நிலத்துக்குள் இருக்கின்றன. ஹோம் பிளேட்டும் ஃபேர் நிலம்தான். பிளேட்டில் பட்ட பந்து தானாகவே ஃபவுல் என்று பல பயிற்சியாளர்கள்கூட நம்புகிறார்கள், அது தவறு. பிளேட்டில் குத்தி எழும்பி, பந்தெறியும் பிட்சருக்கும் பிளேட்டுக்குப் பின்னால் இருந்து பிடிக்கும் கேட்சருக்கும் நடுவே கோட்டுக்குள் வந்து நின்ற பந்து சந்தேகமின்றி ஃபேர். பந்தைப் பொறுத்தவரை பிளேட்டும் மற்ற ஃபேர் நிலத்தைப் போன்ற தரைதான்.

இப்போது மதுரைத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். முதல் பேஸையும் மூன்றாம் பேஸையும் இரண்டு வாசல்களாக நினைத்துக்கொள்ளுங்கள். வாசலுக்கு இந்தப் பக்கம், அதாவது ஹோம் பிளேட்டுக்கும் பேஸுக்கும் நடுவே, ஒரு சட்டம். வாசலுக்கு அந்தப் பக்கம், வெளிக்களத்தில், வேறொரு சட்டம்.

வாசலுக்கு இந்தப் பக்கம் தரையில் விழும் பந்துக்கு, விழுந்த இடம் ஒரு பொருட்டே அல்ல. அது உள்ளே குத்தி வெளியே ஓடலாம், வெளியே குத்தி உள்ளே திரும்பலாம், கோட்டை மூன்று முறை கடக்கலாம். அம்பயர் காத்திருக்க வேண்டும். அந்தப் பந்தின் கதை மூன்று வழிகளில் முடியும். எங்காவது ஓடி நின்றுவிடலாம். அப்போது நின்ற இடமே தீர்ப்பு. யாராவது தொடலாம், அப்போது தொட்ட கணத்தில் பந்து எந்த நிலத்தின்மேல் இருந்ததோ அதுவே தீர்ப்பு. இரண்டும் இல்லாமல் வாசலைத் தாண்டி வெளிக்களத்துக்குப் போகலாம். அப்போது பேஸைக் கடக்கும் அந்தக் கணத்தில் பந்து உள்ளே இருந்ததா, வெளியே இருந்ததா என்று பார்க்க வேண்டும். தரையோடு ஓடினாலும் தலைக்கு மேல் எகிறிப் போனாலும் இதே கணக்குதான். கடக்கும்போது உள்ளே இருந்தால், அதற்குப் பிறகு அது பார்வையாளர் பக்கம் ஓடினாலும் ஃபேர். கடக்கும்போது வெளியே இருந்தால், அதற்கு முன் எத்தனை முறை உள்ளே குத்தியிருந்தாலும் ஃபவுல். அந்தச் சிறுவனின் பந்து மூன்றாம் பேஸை வெளிப்பக்கமாகக் கடந்தது. தீர்ப்பு அங்கேதான் விழுந்தது.

பந்து பேஸையே தொட்டுவிட்டால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. பேஸின் ஓரத்தில் பட்டுத் தெறித்து எங்கே போனாலும் ஃபேர்.

வாசலுக்கு அந்தப் பக்கம் கணக்கு எளிது. உயரப் பறந்து பேஸுக்கு அப்பால் தரையில் விழும் பந்துக்கு, முதலில் எங்கே விழுந்தது என்பதே முடிவு. மூன்றாம் பேஸுக்கு நேர் மேலே உள்பக்கமாகப் பறந்து, காற்றில் வளைந்து, கோட்டுக்கு வெளியே விழுந்த பந்து ஃபவுல். உள்ளே விழுந்து வெளியே ஓடினால் ஃபேர். மதுரைத் தம்பி நினைத்தது இந்த இரண்டாவது சட்டத்தைத்தான். அவர் அதை வாசலுக்கு முன்னால் விழுந்த பந்துக்குப் பொருத்திவிட்டார்.

அவருடைய எண்ணம் ஒரு காலத்தில் விதியாகவே இருந்தது. 1877-க்கு முன் அமெரிக்காவில், பந்து முதலில் ஃபேர் நிலத்தில் குத்தினால் போதும், பிறகு எந்தப் பக்கம் ஓடினாலும் அது ஃபேர். இதைப் பயன்படுத்தி, பந்தை மட்டையால் வெட்டி, பிளேட்டுக்கு அருகிலேயே உள்ளே குத்தவைத்து, சுழற்சியோடு கோட்டுக்கு வெளியே வெகுதூரம் ஓடவிடும் உத்தியில் சிலர் கைதேர்ந்தார்கள். சிகாகோ அணியின் ராஸ் பார்ன்ஸ் அவர்களில் பேர்போனவர். 1876-இல், நேஷனல் லீகின் முதல் ஆண்டில், .429 என்ற சராசரியோடு மட்டையாளர் வரிசையில் முதலிடம் பிடித்தார். முதல், மூன்றாம் பேஸ்காரர்கள் கோட்டுக்கு வெளியே போய் நின்று காவல் காக்க வேண்டியிருந்தது; அதனால் உள்ளே பெரிய இடைவெளி விழுந்தது. 1877-இல் விதி மாறியது. பேஸைக் கடக்கும் முன் வெளியே போய்விடும் பந்து ஃபவுல் ஆனது. அந்த ஆண்டு பார்ன்ஸின் ஆட்டம் சரிந்தது. விதி மாற்றம்தான் அவரை வீழ்த்தியது என்று பலர் எழுதுகிறார்கள். அவர் அந்தப் பருவத்தில் நோயுற்றும் கிடந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். எப்படியாயினும், இன்றைய விதியின் காரணம் இதில் விளங்குகிறது. ஃபீல்டர்கள் நிற்கும் இடத்துக்கும் பந்து ஓடும் இடத்துக்கும் பொருத்தம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் பேஸ்கள் வாசலாக்கப்பட்டன.

இதே போன்ற திருத்தங்கள் பின்னும் வந்தன. 1887-இல்தான் முதல், மூன்றாம் பேஸ்கள் முழுவதுமாக ஃபேர் நிலத்துக்குள் நகர்த்தப்பட்டன. அதற்கு முன் அவை கோட்டின்மேல் பாதி உள்ளும் பாதி வெளியுமாக இருந்ததால், பேஸில் பட்ட பந்தைப் பற்றிய வாதம் ஓயாமல் நடந்தது. ஃபவுல் அடித்தால் அது ஸ்ட்ரைக்காக (மூன்று சேர்ந்தால் மட்டையாளர் அவுட்) எண்ணப்படும் என்ற விதியை, மேஜர் லீகின் இரு பிரிவுகளில் 1901-இல் நேஷனல் லீகும், 1903-இல் அமெரிக்கன் லீகும் ஏற்றன. அதுவரை மட்டையாளர் எத்தனை பந்துகளைப் பக்கவாட்டில் தட்டிவிட்டாலும் அவருக்கு இழப்பில்லை. இன்று முதல் இரண்டு ஸ்ட்ரைக் வரை ஃபவுலுக்கு விலை உண்டு. அதற்குப் பிறகு வரும் ஃபவுல்கள் எண்ணப்படுவதில்லை. 2018 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவின் பிராண்டன் பெல்ட் இப்படித் தட்டித் தட்டியே ஒரே முறையில் 21 பந்துகளைச் சந்தித்தார். மட்டையை அசைக்காமல் வைத்துப் பந்தை மெல்லத் தட்டும் பன்ட் மட்டும் விலக்கு. இரண்டு ஸ்ட்ரைக் ஆனபின் பன்ட் ஃபவுல் ஆனால் மட்டையாளர் அவுட். அந்த விலக்கு இல்லாவிட்டால் பிட்சரைக் களைப்படையச் செய்வதற்காகவே நாள் முழுவதும் பன்ட் வைத்துக்கொண்டிருக்கலாம்.

தொடுதல் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் கிரிக்கெட் பழகிய கண்ணை அதிகம் ஏமாற்றுவது இதுதான். கிரிக்கெட்டில் எல்லையோரம் பந்தைப் பிடிக்கும் ஃபீல்டரின் கால் எங்கே என்று பார்க்கிறோம். கால் கயிற்றைத் தொட்டால் ஆறு ஓட்டம். பேஸ்பாலில் ஃபேர், ஃபவுல் தீர்ப்புக்கு ஃபீல்டரின் கால் எங்கே இருக்கிறது என்பது தேவையே இல்லை. இரண்டு காலும் கோட்டுக்கு வெளியே ஊன்றியிருக்க, கையை நீட்டி, உள்ளே இருக்கும் பந்தின்மேல் கையுறையின் நுனி பட்டால் அது ஃபேர். பிறகு பந்து நழுவி வெளியே விழுந்தாலும் ஃபேர். மாறாக, உள்ளே நிற்பவர் கையை வெளியே நீட்டித் தொட்டுத் தவறவிட்டால் ஃபவுல். பார்க்க வேண்டியது பந்துக்கும் கோட்டுக்கும் உள்ள உறவு மட்டுமே.

இதன் விலை எவ்வளவு என்பதை 2009 அக்டோபர் 9 அன்று நியூயார்க்கில் உலகமே பார்த்தது. யாங்கீஸுக்கும் மினசோட்டா ட்வின்ஸுக்கும் இடையிலான பிளே ஆஃப் ஆட்டம். 3-3 என்ற நிலையில் பதினோராவது இன்னிங்ஸ். ஜோ மவர் அடித்த பந்து இடப்புறக் கோட்டை ஒட்டிப் பறந்தது. ஓடிவந்த ஃபீல்டர் மெல்கி கப்ரேராவின் கையுறையில் ஃபேர் நிலத்தின்மேல் பட்டு, கோட்டுக்கு உள்ளேயே விழுந்து, எகிறிப் பார்வையாளர் பகுதிக்குள் போனது. ஃபேர் என்பதற்கு ஒன்றுக்கு இரண்டு காரணங்கள். ஆனால் அந்தக் கோட்டைக் கவனிப்பதற்காகவே நிறுத்தப்பட்டிருந்த அம்பயர் ஃபவுல் என்றார். இரண்டாம் பேஸுக்குப் போயிருக்க வேண்டிய மவர் மறுபடி மட்டையைப் பிடித்து ஒரு பேஸ் மட்டும் எடுத்தார். அடுத்த இருவரும் ஒவ்வொரு பேஸ் எடுத்தார்கள். பேஸ்கள் நிறைந்தும் ஓட்டம் வரவில்லை. யாங்கீஸ் மட்டை பிடித்த அந்த இன்னிங்ஸின் கீழ்ப்பாதியில் மார்க் டெஷேராவின் ஹோம் ரன்னோடு யாங்கீஸ் வென்றது. காணொளியைத் திரும்பப் பார்க்கும் முறை அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டிலேயே வந்திருந்தது. ஆனால் அது ஹோம் ரன் சந்தேகங்களுக்கு மட்டும் என்பதால் இந்தப் பந்துக்கு உதவவில்லை. 2014-இல் அது விரிவாக்கப்பட்டபோது வெளிக்களத்தில் விழும் பந்துகளின் ஃபேர், ஃபவுல் தீர்ப்புகளும் சேர்க்கப்பட்டன. உள்களத்தில் குத்தி ஓடும் பந்துக்கு அந்த வாய்ப்பு கிடையாது.

அந்த அம்பயர் மிக அருகில் நின்றார். அருகில் நின்றதே அவருக்கு இடைஞ்சலாயிற்று என்று நான் நினைக்கிறேன். வேகமாக வரும் பந்துக்கு வழிவிட்டு உடலை நகர்த்திக்கொண்டே பார்க்கும்போது கண் நிலையாக இருக்காது. கால்கள் நின்ற பிறகுதான் கண் சரியாகப் பார்க்கும். எங்கள் சின்னத் திடலிலும் இதுவே உண்மை.

மெல்ல உருளும் பந்தைப் பற்றி ஒரு நிகழ்ச்சி. 1981 மே 27 அன்று சியாட்டிலில், கேன்சஸ் சிட்டியின் ஏமஸ் ஓட்டிஸ் அடித்த பந்து மூன்றாம் பேஸ் கோட்டை ஒட்டி உள்பக்கமாக உருண்டது. சியாட்டிலின் மூன்றாம் பேஸ்காரர் லென்னி ரேண்டில் கையும் முழங்காலும் தரையில் ஊன்றிக் குனிந்து, வாயால் ஊதி அதைக் கோட்டுக்கு வெளியே தள்ளினார். பந்தைக் கையால் தொடவில்லை. ஆகவே முதலில் அது ஃபவுல் ஆனது. எதிரணி மேலாளர் முறையிட்ட பிறகு தீர்ப்பை மாற்றி, ஓட்டிஸுக்கு முதல் பேஸ் கொடுத்தார்கள். பந்தை ஊதவில்லை, அதனோடு பேசிக்கொண்டுதான் இருந்தேன் என்றார் ரேண்டில். இந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் உருளும் பந்துக்குத் தீர்ப்பு இன்னும் பிறக்கவில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் எனக்குத் தெரியாது. பந்து வெளியே உருண்ட நொடியில் சட்டென்று எடுத்துவிடும் ஃபீல்டர் தவறு எதுவும் செய்யவில்லை. அது திரும்பி உள்ளே வருவதற்கு முன் தொட்டு, ஃபவுல் என்று முடித்துவிடுவது நல்ல சமயோசிதம்.

அம்பயருக்கு இதெல்லாம் சேர்ந்து கற்பிப்பது பொறுமை. ஃபவுலுக்குக் குரல் உண்டு. இரு கைகளையும் உயர்த்தி உரக்கக் கூவ வேண்டும், ஏனெனில் அந்தக் கணமே ஆட்டம் நின்றுவிடுகிறது. ஃபேருக்குக் குரல் கிடையாது. கையை ஃபேர் நிலத்தை நோக்கி நீட்டிக் காட்டுவதோடு சரி. இரண்டு சொற்களும் ஒரே ஒலியில் தொடங்குவதால், ஓடும் பிள்ளைகளின் காதில் ஃபேர் என்பது ஃபவுலாக விழுந்துவிடக்கூடும். அதனால்தான் இந்த மௌனம். அதைவிட முக்கியமான காரணம், இரண்டு தவறுகளும் ஒரே எடை கொண்டவை அல்ல. ஃபவுல் பந்தைத் தவறாக ஃபேர் என்று காட்டிவிட்டால், ஆட்டம் ஓடி முடிந்தபின் எல்லோரையும் பழைய இடத்துக்குத் திருப்பி அனுப்பலாம். ஃபேர் பந்தைத் தவறாக ஃபவுல் என்று கூவிவிட்டால், ஓடியவர்கள் நின்றுவிடுவார்கள், ஃபீல்டர்கள் கையைத் தொங்கவிடுவார்கள். நடந்திருக்க வேண்டிய ஆட்டம் நடக்கவே இல்லை. நடக்காததை எப்படித் திருப்பி வைப்பது?

என் முதல் ஆண்டில் நான் அப்படி ஒரு தவறு செய்தேன். முதல் பேஸ் கோட்டோரம் ஒரு சிறுமி பன்ட் வைத்தாள். பந்து இரண்டு விரற்கடை வெளியே உருண்டது; நான் உடனே ஃபவுல் என்று கத்தினேன். முந்தின இரவு மழை பெய்திருந்தது. கோட்டோரத்து மண் வெளிப்பக்கம் சற்றே மேடிட்டிருந்தது. பந்து அந்த மேட்டில் ஏறி, தயங்கி, திரும்பி வந்து சுண்ணாம்பின் நட்டநடுவே நின்றது. வெள்ளைக் கோட்டின்மேல் வெள்ளைப் பந்து. பத்தொன்பது பேர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தச் சிறுமி பாதி வழியில் நின்றுவிட்டாள், நான் கூவியதால். இன்னும் ஒரு மூச்சு நேரம் நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவள் முதல் பேஸில் இருந்திருப்பாள். அன்றிலிருந்து உருளும் பந்தின் பின்னால் போய், கோட்டின் இருபுறமும் காலை வைத்து நின்று, அது நிற்கும் வரை அல்லது ஒரு கை அதன்மேல் படும் வரை நான் பேசுவதில்லை.

யார் எந்தப் பகுதியைப் பார்ப்பது என்பதிலும் ஒழுங்கு உண்டு. பிளேட்டுக்குப் பின்னால் நிற்கும் அம்பயர் பேஸ் வரையுள்ள கோட்டைப் பார்ப்பார். பேஸிலும் அதற்கு அப்பாலும் அந்தப் பக்கத்து அம்பயர் பார்ப்பார். மேஜர் லீகில் நான்கு பேர், பிளே ஆஃப் ஆட்டங்களில் வெளிக்களக் கோடுகளுக்கென்று இருவர் கூடி ஆறு பேர். எங்களுக்கு இரண்டு பேர் கிடைத்தாலே பாக்கியம். பேஸ்களில் ஓட்டக்காரர்கள் இருந்தால் இரண்டாமவர் உள்களத்தின் நடுவே போய்விடுவார். அப்போது இரண்டு கோடுகளும் முழுவதுமாக பிளேட் அம்பயர் தலையில்தான். கோட்டோரம் உயரப் பறக்கும் பந்தை ஃபீல்டர் பாய்ந்து பிடிக்கும்போது, முதலில் ஃபேரா ஃபவுலா என்று காட்டிவிட்டு, அதன்பின்தான் பிடித்தாரா இல்லையா என்று காட்ட வேண்டும். ஃபவுல் நிலத்தின்மேல் பிடித்தாலும் அவுட்தான். ஆனால் தவறவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பது முதல் சைகையைப் பொறுத்தது.

மூன்றாம் பேஸில் இருக்கும் ஓட்டக்காரரை ஒரு நிமிடம் கவனித்துப் பாருங்கள். பிட்சர் எறியும்போது அவர் பேஸைவிட்டுச் சில அடிகள் முன்னேறுவார். ஆனால் கோட்டுக்கு வெளியேதான் நிற்பார். ஃபீல்டர் யாரையும் தாண்டாத ஃபேர் பந்து ஃபேர் நிலத்தில் ஓட்டக்காரர்மேல் பட்டால் அவர் அவுட். வெளியே நிற்கும்போது பட்டால் அது வெறும் ஃபவுல் பந்து. அவருக்கு உடம்பு வலி மட்டும்தான். திரும்பி வரும்போது மட்டும் அவர் கோட்டுக்குள் வருவார், கேட்சர் எறியும் பந்துக்குக் குறுக்கே நிற்பதற்காக. ஒரு சுண்ணாம்புக் கோட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது ஆட்டக்காரரின் ஒவ்வொரு அடியையும் நடத்துகிறது.

பள்ளிகளில் சாஃப்ட்பால் ஆடும் பெண்பிள்ளைகளுக்கு ஒரு சொல். அங்கேயும் விதி ஏறத்தாழ இதுவேதான். முதல் பேஸ் மட்டும் பெரும்பாலும் இரட்டையாக இருக்கும். வெள்ளைப் பாதி கோட்டுக்கு உள்ளே, ஆரஞ்சுப் பாதி வெளியே, மோதல் நேராமல் ஓடுவதற்காக. பந்து வெள்ளையில் பட்டால் ஃபேர், ஆரஞ்சில் மட்டும் பட்டால் ஃபவுல்.

வேலியைத் தாண்டிப் பறக்கும் பந்துக்கு, அது திடலை விட்டு வெளியேறும் கணத்தில் கம்பத்துக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பதே கணக்கு. 1931-க்கு முன் அப்படி இல்லை. பந்து எங்கே விழுந்தது, அல்லது கடைசியாகக் கண்ணுக்கு எங்கே தெரிந்தது என்று பார்த்தார்கள். அதனால் கம்பத்துக்கு உள்ளே பறந்து, பிறகு வளைந்து வெளியே போன எத்தனையோ அடிகள் ஃபவுல் ஆயின. மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில், 1975-இன் ஆறாவது ஆட்டத்தில், பாஸ்டன் ஃபென்வே பார்க்கில், பன்னிரண்டாவது இன்னிங்ஸில் கார்ல்டன் ஃபிஸ்க் அடித்த பந்து இடப்புறக் கம்பத்தை நோக்கிப் போனது. உள்ளே போ, உள்ளே போ என்று இரு கைகளாலும் அதைத் தள்ளுவதுபோல் அவர் துள்ளிக்கொண்டே ஓடிய காட்சியை இன்றும் காட்டுகிறார்கள். பந்து கம்பத்தில் மோதியது. பாஸ்டன் 7-6 என்று வென்றது. 2005-இல் அந்தக் கம்பத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

இவ்வளவும் ஒரு கோடு நேராக இருக்கிறது என்ற நம்பிக்கையின்மேல் நிற்கிறது. எங்கள் திடலில் கோடு போடுவதும் அம்பயர் வேலைதான். பிளேட்டின் கூர்முனையில் ஆணி அடித்து, கயிற்றைக் கட்டி, பேஸின் வெளிவிளிம்பை ஒட்டி இழுத்து, வேலி வரை கொண்டுபோக வேண்டும். 90 அடியில் கயிறு ஒரு அங்குலம் விலகினால், 325 அடியில் அது மூன்றரை அங்குலத்துக்கு மேல் ஆகிவிடும். பேஸ்பாலின் விட்டம் மூன்று அங்குலம்கூட இல்லை. கயிற்றில் பிசகிய ஒரு அங்குலம், வேலியோரத்தில் ஒரு முழுப் பந்தையே உள்ளிருந்து வெளியே தள்ளிவிடும்.

போன சனிக்கிழமை மதுரைத் தம்பி சீக்கிரமே வந்துவிட்டார். இங்கே எழுதியதை எல்லாம் பிளேட்டுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே நடந்துகொண்டே அவருக்குச் சொன்னேன். பேஸின் வெளிவிளிம்பைத் தொட்டுக் காட்டியபோது அவர் குனிந்து உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோட்டின் வழியே பிளேட்டை நோக்கிப் பார்த்தார்.

"கயிறு இந்தப் பக்கம் ஒரு நூல் தள்ளியிருக்கு, அண்ணே."

பார்த்தேன். தள்ளித்தான் இருந்தது. அவர் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, நான் சுண்ணாம்பு வண்டியைப் பிளேட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனேன்.